லேத் பழகப் போகும் கண்ணுகளுக்கு

கோவை ஆவாரம்பாளையத்தில் நாற்பது வருஷம் லேத் ஓட்டியவன் நான். பத்தாவது முடித்துப் பட்டறை வேலை பழக நினைக்கும் பிள்ளைகளுக்குச் சில வார்த்தை.

1. நேரே பட்டறைக்குள் நுழையாதே, கண்ணு. ஐ.டி.ஐ.யில் சேர். டர்னர், ஃபிட்டர், மெஷினிஸ்ட் 2 வருஷம். வெல்டர் ஒரே வருஷம். நான் வாரக்கூலிக்கு ஆசைப்பட்டுப் போனவன். என் கையில் வேலை பழகிய பையன் சான்றிதழோடு போய் பெரிய கம்பெனியில் சூப்பர்வைசர் ஆனான்.

2. 'பெரிய கண்டுபிடிப்பாளர் ஜி.டி. நாயுடு என்ன படித்தார்?' என்பாய். பள்ளிக்கூடத்தை விட்டவர்தான். ஹோட்டலில் வேலை பார்த்த காசில் மோட்டார் சைக்கிள் வாங்கி, அக்கக்காகக் கழற்றிப் பார்த்தவர்தான். ஆனால் 1945இல் கோவையில் தொழில்நுட்பக் கல்லூரி வர முன்னின்றதும் அவர்தானே! அதை ஏன் சொல்ல மறக்கிறாய்?

3. சூட்டோடு அளக்காதே. 50 மில்லிமீட்டர் ஷாஃப்டைக் கடைந்த கையோடு மைக்ரோமீட்டர் வைத்தேன். அளவு கச்சிதம். இரும்பு ஆறியதும் பேரிங் லொடலொடவென்று ஆடியது. 40 டிகிரி சூடு கூடினாலே அந்த ஷாஃப்ட் நூறில் இரண்டு பங்கு மில்லிமீட்டருக்கு மேல் உப்பிவிடும். முதலாளி திட்டவில்லை, அந்த ஷாஃப்டை ஒரு மாதம் என் மெஷின் மேலேயே வைத்திருந்தார். திட்டியிருந்தால் தேவலை.

4. கையுறை போட்டு லேத் ஓட்டாதே. இரும்பைப் பிடிக்கும் சக்கில் அதன் சாவியை விட்டுவிட்டு ஸ்விட்சைத் தொடாதே. சுருண்டு வரும் சில்லைக் கொக்கியால் இழு. என் இடது மோதிர விரல் பாதிதான் இருக்கிறது.

5. அப்ரண்டிஸாகப் போனால் ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்கு. 1961ஆம் வருஷச் சட்டமே இருக்கிறது. உதவித்தொகை உன் உரிமை. மூன்று மாதமாக டீ வாங்கவே அனுப்புகிறார்களா? அது பயிற்சி இல்லை, சாமி.

6. கல்யாண வீட்டில் 'இன்ஜினியரிங் சேரலையா?' என்பார்கள். 2 வருஷ ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரே இரண்டாம் வருஷம் சேரலாம் என்று சொல். கேட்டவருக்கே அது தெரிந்திருக்காது.

7. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் ஐ.டி.ஐ.யில் சேர்ந்தாலும் மாதம் 1000 ரூபாய் உண்டு. பொண்ணுகளுக்குப் புதுமைப் பெண், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன். பின்னதை 2024 ஆகஸ்டில் நம்ம கோயம்புத்தூரில்தான் தொடங்கினார்கள். மார்க் ஷீட் வந்ததும் அப்பாவையோ அம்மாவையோ கூட்டிக்கொண்டு மேட்டுப்பாளையம் ரோட்டில் இருக்கும் அரசு ஐ.டி.ஐ.க்கு ஒரு நடை போய் விசாரித்து வா.