கால் நீட்டிப் படுக்க ஓர் இடம்: சிங்கப்பூர் - நியூயார்க் பிசினஸ் கிளாஸ் வழிகாட்டி

நீண்ட தூர விமானத்தில் பிசினஸ் கிளாஸுக்குக் கொடுக்கிற காசு தூக்கத்துக்குக் கொடுக்கிற காசு. ஷாம்பெயின், வெள்ளைத்துணி விரித்த மேசை, சூடான ஈரத்துண்டு எல்லாம் அதற்கு அப்புறம்தான். எந்த விமானம், எந்த நேரம், எந்த இருக்கை என்று தேடும்போது ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: இதில் எத்தனை மணி நேரம் கால் நீட்டிப் படுத்துத் தூங்க முடியும்?

நான் போய்வந்தவற்றில் இந்தக் கேள்விக்கு மிக நல்ல பதில், சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு எங்கும் நிற்காமல் பறக்கும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம். இன்றைக்கு உலகில் இடைநில்லாமல் ஓடும் பயணிகள் வழித்தடங்களில் இதுதான் மிக நீளமானது. ஒன்று நியூயார்க்கின் ஜே.எஃப்.கே. நிலையத்துக்குப் போகிறது, இன்னொன்று பக்கத்து நியூஜெர்சியில் இருக்கும் நியூவர்க் நிலையத்துக்குப் போகிறது. இரண்டுமே 15,300 கிலோமீட்டருக்கு மேல். காற்றின் போக்கைப் பொறுத்துப் பதினெட்டு மணி நேரத்தைத் தாண்டும்.

இந்த வழித்தடத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. 2004-இல் நான்கு என்ஜின் ஏர்பஸ் ஏ340-500 விமானங்களோடு நியூவர்க் சேவையைத் தொடங்கினார்கள். 2008 முதல் அதே விமானத்தில் 100 பிசினஸ் இருக்கைகள் மட்டும் வைத்துப் பறந்தார்கள். நான்கு என்ஜின்கள் குடித்த எரிபொருளுக்குக் கட்டுப்படியாகாமல் 2013-இல் நிறுத்தினார்கள். 2018 அக்டோபர் 11 அன்று இரண்டே என்ஜின் கொண்ட ஏ350-900 யூ.எல்.ஆர். விமானத்தோடு மறுபடி தொடங்கினார்கள். 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும்படி தனியாகச் செய்து வாங்கிய விமானம் அது. மொத்தமே ஏழுதான் வைத்திருக்கிறார்கள். ஜே.எஃப்.கே. சேவை 2020 நவம்பரில் சேர்ந்தது.

உங்களுக்கு இதில் என்ன லாபம் என்றால், இந்த விமானத்தில் எகானமி வகுப்பே கிடையாது. 67 பிசினஸ் இருக்கைகள், 94 பிரீமியம் எகானமி இருக்கைகள், அவ்வளவுதான். இதே அளவு விமானத்தில் மற்ற நிறுவனங்கள் முந்நூறு பேரை ஏற்றுகின்றன. ஏறுவதில் நெரிசல் இல்லை, கழிவறை வாசலில் வரிசை இல்லை, விளக்கணைத்த பிறகு பேச்சரவம் இல்லை. இந்த அமைதிக்காகவே இன்னொரு முறை காசு சேர்த்துப் போகலாம் என்று தோன்றியது.

யாருக்கு இதைச் சிபாரிசு செய்வேன்? முதலில், மகளின் பேறுகாலம் பார்க்கப் போகும் அம்மா அப்பாக்களுக்கு. நியூவர்க்கிலிருந்து எடிசன் நகரம் ரொம்பப் பக்கம். அந்த வட்டாரத்தில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. மூட்டுவலி உள்ளவர்கள், உட்கார்ந்தே இருந்தால் கால் வீங்குகிறவர்கள், நடுவழியில் விமானம் மாறப் பயப்படுகிறவர்கள் இதில் போனால் சிங்கப்பூரின் சாங்கி நிலையத்தில் ஒரே ஒரு மாற்றத்தோடு முடிந்துவிடும். பிள்ளைகள் பெரிய தொலைக்காட்சி வாங்கி அனுப்புவதைவிட இந்த ஒரு டிக்கெட்டை எடுத்துக் கொடுக்கலாம்.

சென்னையிலிருந்து சிங்கப்பூர் நாலு மணி நேரச் சொச்சம். அந்தப் பயணத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நியூவர்க் விமானம் சாங்கியிலிருந்து நள்ளிரவுக்குச் சற்று முன் கிளம்புகிறது. அன்று மாலைக்குள் சாங்கி சேரும்படி இணைப்பைப் பார்த்து எடுங்கள். சில மணி நேரம் கையில் இருக்க வேண்டும்.

மூன்றாவது டெர்மினலில் இருக்கும் சில்வர்கிரிஸ் லவுஞ்சுக்கு நேராகப் போங்கள். இதை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். குளியலறையில் வெந்நீர் கொட்டுகிறது, துண்டு தடிமனாக இருக்கிறது, வெளியே வந்தால் கொதிக்கக் கொதிக்க லக்ஸா. இரவுச் சாப்பாட்டை இங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். இதுதான் இந்த வழிகாட்டியில் நான் சொல்லும் மிக முக்கியமான விஷயம். விமானம் மேலேறி, பானம் வந்து, முதல் தட்டு, இரண்டாம் தட்டு, இனிப்பு என்று வரிசையாக வந்து முடிவதற்குள் ஒன்றரை, இரண்டு மணி நேரம் போய்விடும். உங்கள் உடம்புக்கு அது நடுநிசி. வயிறு நிறைந்து, குளித்து, தளர்ந்த உடைக்கு மாறி ஏறினால் சீட் பெல்ட் விளக்கு அணைந்ததும் படுத்துவிடலாம். இறுக்கமான கால்சட்டையோடு படுத்தால் தூக்கம் வராது. பருத்தியில் ஒரு பைஜாமாவோ வேட்டியோ கைப்பையில் வையுங்கள்.

லவுஞ்சில் உட்கார்ந்து அலுத்தால் அதே டெர்மினலில் வண்ணத்துப்பூச்சித் தோட்டம் இருக்கிறது, பாருங்கள். 40 மீட்டர் அருவியோடு இருக்கும் ஜுவல் கட்டடம் இமிகிரேஷனுக்கு வெளியே இருப்பதால் இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்கள் சிங்கப்பூருக்குள் நுழைய அனுமதி இருந்தால்தான் போக முடியும். கையில் நாலு மணி நேரம்கூட இல்லாமல் அதற்கு ஓடாதீர்கள்.

நம் ஊர் விமான நிலையங்களில் கிரெடிட் கார்டைக் காட்டி நுழையும் பொது லவுஞ்சுகளை எதிர்பார்த்து வீட்டில் சாப்பிடாமல் கிளம்ப வேண்டாம். வாசலில் வரிசை, உள்ளே தட்டோடு நிற்கும் கூட்டம். தவிர்த்துவிடுங்கள்.

இப்போது இருக்கை. 1-2-1 வரிசை என்பதால் எல்லோருக்கும் நேரடி நடைவழி உண்டு. யாரையும் தாண்டி எழ வேண்டியதில்லை. தோல் உறை போட்ட இருக்கை, 28 அங்குல அகலம். ஒல்லியானவர்கள் இருவர் ஒட்டி உட்காரலாம் போல இருக்கும். எதிரே 18 அங்குலத் திரை. பொத்தான்களில் 'லேஸி இஸட்' என்றொரு நிலை இருக்கிறது. முழங்கால் உயர்ந்து முதுகு சாயும். படம் பார்க்கவும் படிக்கவும் இதைவிடச் சுகமான நிலை வேறு விமானத்தில் எனக்கு அமையவில்லை.

படுக்கை மட்டும் பொத்தானை அழுத்தினால் விரிவது அல்ல. நீங்கள் எழுந்து நிற்க வேண்டும். இருக்கையின் முதுகை முன்பக்கமாக மடக்கிக் கவிழ்த்தால் அதன் பின்புறம்தான் மெத்தை. பணிப்பெண்ணிடம் சொன்னால் அரை நிமிடத்தில் விரித்து, போர்வையும் போட்டுத் தருவார். 78 அங்குல நீளம், அதாவது ஆறரை அடி. ஆனால் பாதம் போகும் பொந்து ஒரு மூலையில் இருப்பதால் உடம்பைக் குறுக்காகக் கோணலாக வைத்துத்தான் படுக்க முடியும். ஒருக்களித்துத் தூங்குகிறவர்களுக்குப் பழகிவிடும். மல்லாந்து படுப்பவர்களும் உயரமானவர்களும் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும். அதற்கு ஒரு வழி இருக்கிறது: ஒவ்வொரு பகுதியின் முதல் வரிசையிலும் எதிரே தடுப்புச்சுவர்தான் இருப்பதால் பொந்துக்குப் பதிலாக அகலமான திண்டு வைத்திருக்கிறார்கள். காலை இஷ்டப்படி வைக்கலாம். டிக்கெட் கைக்கு வந்த அன்றே அந்த வரிசையைப் பிடித்துவிடுங்கள். கைக்குழந்தையோடு வருபவர்களுக்கும் அதே வரிசையைத்தான் தருவார்கள் என்பதால் தாமதித்தால் கிடைக்காது. அது போனால், தனியாகப் போகிறவர்கள் ஜன்னலோரம். கணவன் மனைவி என்றால் நடுவில் இருக்கும் ஜோடி. கழிவறைக்கும் சமையலறைக்கும் ஒட்டிய வரிசைகள் வேண்டவே வேண்டாம். இரவெல்லாம் திரைச்சீலை விலகி வெளிச்சம் முகத்தில் அடிக்கும்.

நீண்ட தூர ஏ350 விமானங்கள் எல்லாவற்றிலும் புது இருக்கைகள் போடப் போவதாக 2024 நவம்பரில் அறிவித்திருக்கிறார்கள். அதனால் எடுக்கும் முன் உங்கள் விமானத்தின் இருக்கைப் படத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டில் 'புக் த குக்' என்ற ஏற்பாட்டை விடாதீர்கள். கிளம்புவதற்கு 24 மணி நேரம் முன்பே இணையத்தில் உங்களுக்கு வேண்டிய முக்கிய உணவைச் சொல்லி வைக்கலாம். லாப்ஸ்டர் தெர்மிடோர் அதில் பெயர் பெற்றது. பெயருக்கு ஏற்ற ருசி. சைவக்காரர்கள் இந்திய சைவ உணவைத் தனியே பதிவு செய்யுங்கள், இல்லையென்றால் பாஸ்தாதான் கதி. மேலே பறக்கும்போது நாக்கில் உப்பும் இனிப்பும் மட்டுப்படும். அதனால் மென்மையான சமையலைவிடக் குழம்பும் காரமும் உள்ளதே எடுபடும். எலுமிச்சை ஊறுகாய்ப் பொட்டலம் ஒன்று பையில் இருந்தால் நல்லது. எட்டு, ஒன்பது மணி நேரம் தூங்கி எழுந்து, பசிபிக் கடலுக்கு மேலே அந்த முதல் சாப்பாட்டைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டது என் விமானப் பயணங்களிலேயே மறக்க முடியாத சாப்பாடு. நேரம் உங்களுடையது; கேட்டபோது தருவார்கள்.

உடம்பைப் பற்றி இரண்டு வார்த்தை. பழைய விமானங்களில் அறைக்குள் காற்றழுத்தம் 8,000 அடி மலை மேல் இருப்பதுபோல் இருக்கும்; ஏ350-இல் அதை 6,000 அடிக்கு மேல் போகாமல் வைத்திருக்கிறார்கள். இறங்கும்போது தலை கனக்காததற்கு இது ஒரு காரணம். இருந்தாலும் காற்று வறண்டதுதான். மதுவைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டுங்கள். படுக்கை இருக்கிறதே என்று பதினெட்டு மணி நேரமும் படுத்தே கிடக்காதீர்கள். விழித்திருக்கும் நேரத்தில் எழுந்து நடந்தால்தான் காலில் ரத்தம் கட்டாது. இன்சுலின் போடுகிறவர்கள் நேர மாற்றத்துக்கு ஏற்ப எப்போது போடுவது என்று மருத்துவரிடம் எழுதி வாங்கி, மருந்தைக் கைப்பையிலேயே வையுங்கள். சிங்கப்பூருக்கும் நியூயார்க்குக்கும் கோடையில் சரியாக 12 மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் 13. பகல் இரவாகிவிடும்.

செலவுக்கு வருவோம். சென்னையிலிருந்து போய்வர சில லட்சம் ஆகும். மாதத்துக்கு மாதம் மாறும். 2025 செப்டம்பர் 22 முதல் பிசினஸ் டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், முன்பு 12. விமான நிறுவனத்தின் மைல்கள் (பயணப் புள்ளிகள்) சேர்த்திருந்தால் ஏறத்தாழ ஒரு வருடம் முன்பே இருக்கை பார்க்க ஆரம்பியுங்கள். பிரீமியம் எகானமி எடுத்துவிட்டு, நிறுவனமே அழைப்பு அனுப்பினால் கூடுதல் தொகை சொல்லி மேல் வகுப்புக்குக் கேட்பதும் நேர்மையான வழிதான்.

ஆனால் "பாதி விலைக்கு பிசினஸ்" என்று வாட்ஸ்அப்பில் வருகிறவர்களிடம் மாட்டிக்கொள்ளாதீர்கள். இதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆறவில்லை. என்னிடமும் ஒரு புரோக்கர் வந்தார். யாரோ ஒருவருடைய மைல் கணக்கிலிருந்து டிக்கெட் போட்டுத் தருவதாகச் சொல்லி, நாளுக்கு மூன்று முறை போன் செய்தார். இன்றைக்கே பணம் போடாவிட்டால் இருக்கை போய்விடும் என்று மிரட்டினார். நான் மறுத்துவிட்டேன். பிறகு ஒரு பயணத்தில் செக்-இன் கவுண்டரில் எனக்கு முன்னால் ஒரு வயதான தம்பதி. அதே மாதிரி டிக்கெட். மைல்களை விற்பது விதிமீறல் என்று கணக்கை முடக்கி டிக்கெட்டை ரத்து செய்துவிட்டதாகக் கவுண்டரில் சொன்னார்கள். அந்த அம்மா பேரனுக்கென்று கட்டிய முறுக்கு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டார். பெரியவர் புரோக்கருக்குத் திரும்பத் திரும்ப போன் அடித்தார், எடுக்கவே இல்லை. பணம் வாங்கியவன் எங்கேயோ நிம்மதியாக இருந்தான். தலைகுனிந்து திரும்பிப் போனது அந்த இரண்டு பேரும்தான். விலை எவ்வளவு இறங்கினாலும் மைல் விற்பவனிடம் டிக்கெட் வாங்காதீர்கள்.

போகும் விமானம் நியூவர்க்கில் அதிகாலை இறங்கும். அந்த நேரத்தில் இமிகிரேஷனில் கூட்டம் குறைவு. ஏர்டிரெயின் பிடித்து ரயில் நிலையம் போனால் மன்ஹாட்டன் பென் ஸ்டேஷனுக்கும் ரயில் உண்டு, எடிசன் பக்கமும் உண்டு. பெட்டி நிறைய இருந்தால் பிள்ளைகளை காரோடு வரச் சொல்லுங்கள்.

திரும்பும் விமானம் நியூவர்க்கில் காலையில் கிளம்பி மறுநாள் மாலை சிங்கப்பூர் சேர்கிறது. பகலில் ஏறுவதால் படுக்கை இருந்தும் முதல் பாதி தூக்கம் வராது. இறங்கிய சில மணி நேரத்தில் ராத்திரி வந்துவிடும், வீட்டில் போய்ப் படுத்துக்கொள்ளலாம். அதனால் ஒரு வழிக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், போகும் வழிக்கு பிசினஸ் எடுங்கள். திரும்புவதற்கு பிரீமியம் எகானமி போதும். பெற்றோரைத் தனியே அனுப்புகிறவர்கள், எந்த வகுப்பாக இருந்தாலும், சக்கர நாற்காலி உதவியை டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுப் பதிந்துவிடுங்கள்.