எண்ணெய் காயும் முன்பா, அடுப்பை அணைத்த பிறகா?

வாணலியில் எண்ணெய் காய வேண்டும், கடுகு வெடிக்க வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம். தமிழ்ச் சமையலறையில் இந்த வரிசை கைக்கே மனப்பாடம். வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்த மசாலா டப்பாவும் அநேகமாக இதே எண்ணெயில்தான் விழுகிறது. ஸ்பெயினின் புகையூட்டிய மிளகாய்த்தூள் அதில் சில நொடிகளில் கருகிக் கசந்துவிடும். சிச்சுவான் மிளகின் வாசம் கூடம்வரை போய்விடும், குழம்பில் தங்காது. “இதுல அப்படி என்ன ருசி இருக்கு?” என்ற கேள்வியோடு டப்பா அலமாரியின் பின்வரிசைக்குப் போகிறது.

கோளாறு பெரும்பாலும் போட்ட நேரத்தில்தான். மசாலாக்களின் மணம் எளிதில் ஆவியாகிற எண்ணெய்ப் பொருள்களில் இருக்கிறது. அவை தண்ணீரைவிட எண்ணெயில் நன்றாகக் கரையும் என்பதால் தாளிப்பது நல்ல உத்திதான். ஆனால் முழுக் கடுகும் சீரகமும் தாங்குகிற சூட்டை நைஸாக அரைத்த பொடி தாங்காது. எத்தியோப்பியா, ஸ்பெயின், சீனா, மேற்காசியா என்று நான்கு இடத்து மசாலாக்களைச் சமைத்துப் பழகினால், எதை எப்போது நெருப்பில் காட்டுவது என்பது பிடிபட்டுவிடும்.

பெர்பெரே: வெங்காயம் கரைந்த பிறகு

எத்தியோப்பியாவின் பெர்பெரேயிலிருந்து ஆரம்பிப்பது வசதி. அதைத் தேடி அலைய வேண்டாம். ஏறக்குறைய முழுக்க அஞ்சறைப் பெட்டியிலும் நாட்டு மருந்துக் கடையிலும் கிடைக்கிற சரக்கு. அங்கே கோரரிமா என்ற அந்த மண்ணுக்கே உரிய ஏலக்காயையும், துளசி இனத்து இலை ஒன்றையும் காயவைத்துச் சேர்ப்பார்கள். அவை இல்லாமலும் சாயல் வந்துவிடும்.

வெறும் வாணலியில் இளஞ்சூட்டில் 1 தேக்கரண்டி கொத்தமல்லி விதை, அரைத் தேக்கரண்டி மிளகு, அரைத் தேக்கரண்டி கருஞ்சீரகம், கால் தேக்கரண்டி ஓமம், 4 கிராம்பு, 6 ஏலக்காயின் விதைகள், சிறு துண்டு பட்டை ஆகியவற்றை வாசம் எழும்வரை வறுக்க வேண்டும். அரைத் தேக்கரண்டி வெந்தயத்தைத் தனியாக வறுப்பது நல்லது. லேசாகச் சிவந்ததும் இறக்கிவிட வேண்டும். வெந்தயம் சற்றே கூடுதலாகக் கறுத்தாலும் மொத்தப் பொடியும் கசக்கும். ஆறியபின் எல்லாவற்றையும் பொடித்து, 5 மேசைக்கரண்டி காஷ்மீரி மிளகாய்த்தூள், அரைத் தேக்கரண்டி சுக்குத்தூள், ஒரு சிட்டிகை ஜாதிக்காய்த்தூள், 1 தேக்கரண்டி உப்பு சேர்த்துக் கலந்தால் பெர்பெரே தயார். இதுதான் சரியான அளவு என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. சாம்பார்ப் பொடி போல வீட்டுக்கு வீடு மாறும்.

இதைக் கொண்டு செய்ய எளியது மிசிர் வோட். மைசூர் பருப்பில் செய்யும் கெட்டிக் குழம்பு இது. எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் புதன், வெள்ளிக்கிழமைகளிலும் ஈஸ்டருக்கு முந்தைய நீண்ட நோன்பு நாள்களிலும் இறைச்சி, பால், முட்டை எதையும் தொடுவதில்லை. அதனால் அங்கே சைவச் சமையல் வளமாக வளர்ந்திருக்கிறது. நோன்பில்லாத நாளில் மசாலா போட்டுக் காய்ச்சிய நிட்டர் கிபே என்ற நெய்யில் செய்வார்கள், நோன்பு நாளில் எண்ணெய்.

செய்முறையின் உயிர் முதல் அரை மணி நேரத்தில் இருக்கிறது. அரைக் கிலோ வெங்காயத்தைப் பொடிப்பொடியாக நறுக்கி, அடி கனத்த பாத்திரத்தில் எண்ணெயே இல்லாமல் போட வேண்டும். தமிழ்க் கைக்கு இது கொஞ்சம் கூசும். எண்ணெய் பாட்டிலை எட்டத் தள்ளி வைத்துவிட்டு, மிதமான தீயில் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். வெங்காயம் தன் தண்ணீரை விடும், அது வற்றும், அடியில் பிடிக்கப் பார்க்கும். பிடிக்கும்போதெல்லாம் 2 மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்துச் சுரண்டிவிட வேண்டும். 20, 25 நிமிடத்தில் துண்டுகளின் வடிவமே கரைந்து, பழுப்பு நிறத்தில் கூழாகத் திரண்டு நிற்கும். எண்ணெயில் வதக்கியிருந்தால் ஓரம் முறுகி, துண்டு துண்டாகவே நின்றிருக்கும். குழம்புக்குக் கெட்டித்தன்மை தருவது இந்தக் கூழ்தான். மாவோ தேங்காயோ கிடையாது.

இப்போதுதான் எண்ணெய், கால் கப். 5 பல் பூண்டையும் ஒரு அங்குல இஞ்சியையும் விழுதாக்கிச் சேர்த்து 2 நிமிடம் வதக்கியபின், 2 மேசைக்கரண்டி பெர்பெரே. வெங்காயக் கூழ் மெத்தை மாதிரி கீழே இருப்பதால் பொடி கருகாது. ஆனாலும் அவசரம் கூடாது. அவ்வப்போது சிறிது தண்ணீர் விட்டு 10 நிமிடமாவது வதங்கினால்தான் மிளகாயின் பச்சை வாசம் போய், எண்ணெய் செக்கச்செவேலென்று ஓரத்தில் பிரியும். கழுவிய 1 கப் மைசூர் பருப்பும் 3 கப் வெந்நீரும் சேர்த்து, குறைந்த தீயில் 25 நிமிடம் வேகவிட வேண்டும். குக்கர் வேண்டாம், இந்தப் பருப்பு தானாகவே குழையும். பொடியில் உப்பு இருப்பதால் உப்பைக் கடைசியில் பார்த்துப் போடலாம். அங்கே இதை டெஃப் என்ற தானிய மாவைப் புளிக்கவைத்துச் சுட்ட இஞ்சேராவின் மேல் ஊற்றிச் சாப்பிடுகிறார்கள். நன்றாகப் புளித்த தோசை மாவு வீட்டில் இருந்தால் கவலையில்லை.

பிமென்டோன்: அடுப்பிலிருந்து இறக்கியதும்

மேற்கு ஸ்பெயினில், எஸ்ட்ரமதூரா மாநிலத்தின் காசெரெஸ் மாவட்டத்தில் லா வேரா என்றொரு பள்ளத்தாக்கு. மிளகாய் அறுவடையாகும் இலையுதிர் காலத்தில் அங்கே மழையும் ஈரமும் அதிகம், வெயிலில் உலர்த்த வழியில்லை. அதனால் ஓக் மர விறகின் புகையில், உலர்த்தும் கொட்டகைகளில், 10 முதல் 15 நாள்வரை வைத்து, தினமும் கையால் புரட்டிவிட்டு உலர்த்துகிறார்கள். அதைப் பொடித்ததுதான் இந்தப் புகையூட்டிய பிமென்டோன்; வானிலைக்காகச் செய்த ஏற்பாடே அதன் அடையாளமாகிவிட்டது. அதே ஸ்பெயினின் தென்கிழக்கில் உள்ள முர்சியாவில் வெயிலில் காயவைக்கும் மிளகாய்த்தூளுக்கு இந்தப் புகை மணம் கிடையாது. டப்பாவில் ‘துல்சே’ என்றிருந்தால் காரமில்லாதது, ‘அக்ரிதுல்சே’ இடைப்பட்டது, ‘பிகான்தே’ காரமானது. முதல் தடவை வாங்குபவர்களுக்கு முதல் வகையே உகந்தது. காரத்துக்கு நம்மிடம் பஞ்சமில்லை, வாங்குவது புகைக்காக.

பழகிப் பார்க்க, அப்பகுதி மக்கள் செய்யும் உருளைக்கிழங்கு மசியல் போதும். அங்கே அதன் மேல் பொரித்த பன்றிக் கொழுப்புத் துண்டுகளைப் போடுவார்கள். விட்டுவிட்டாலும் மசியல் மசியல்தான். அரைக் கிலோ கிழங்கைத் தோல் சீவி உப்புத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரில் ஒரு கப் எடுத்துவைக்க வேண்டும். 4 மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெயில் நசுக்கிய 4 பல் பூண்டைப் பொன்னிறமாக வறுத்து, அடுப்பை அணைத்துவிட்டுப் பாத்திரத்தை இறக்க வேண்டும். அரை நிமிடம் சூடு தணியட்டும். பிறகு 2 தேக்கரண்டி பிமென்டோனைத் தூவிக் கிளறினால் எண்ணெய் உடனே சிவந்துவிடும், அதன் நிறம் கொழுப்பில் கரையக்கூடியது. பொடி பழுப்பாக மாறத் தொடங்கினால் கசப்புக்கு முன்னறிவிப்பு. இரண்டு கரண்டி கிழங்குத் தண்ணீரை ஊற்றித் தடுத்துவிடலாம். கிழங்கைப் போட்டு மசித்து, மிச்சத் தண்ணீரைத் தேவைக்கு ஊற்றினால் வேலை முடிந்தது.

மிளகாய்த்தூள், சாம்பார்ப் பொடி எதையும் நேரடியாக எண்ணெயில் போடும்போதும் இந்த ‘அணை, இறக்கு, தூவு’ முறை கைகொடுக்கும்.

சிச்சுவான் மிளகு: கடைசி நிமிடத்தில்

நம் ஊர்ச் சாலையோரக் கடைகளில் விற்கும் ‘ஷெஸ்வான்’ ஃப்ரைடு ரைஸில் சிச்சுவான் மிளகு அநேகமாக இருப்பதில்லை. அது மிளகாயும் பூண்டும் சேர்ந்த வேறொரு சங்கதி. சீனாவின் தென்மேற்கில் உள்ள சிச்சுவான் மாகாணத்து மிளகு, மிளகுக் கொடியோடு உறவே இல்லாதது. எலுமிச்சை, கறிவேப்பிலைக் குடும்பம். எலுமிச்சை இன மரங்களைத் தாக்கும் கேங்கர் நோயைக் கொண்டுவந்துவிடும் என்று பயந்து அமெரிக்கா இதன் இறக்குமதியை 1968-இல் தடை செய்து, 2005-இல்தான் சூடேற்றிப் பதப்படுத்தினால் கொண்டுவரலாம் என்று தளர்த்தியது. இதன் நெருங்கிய உறவு இந்தியாவிலும் உண்டு. கொங்கணக் கரையில் அயிலை மீன் குழம்பில் போடும் திர்ஃபல் இதே இனம், நேபாளத்துத் திம்முரும் அப்படியே.

சிச்சுவான் மிளகு நாக்கில் செய்வது காரமல்ல, விறுவிறுப்பு. 2013-இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள், இது உதட்டில் ஏற்படுத்தும் உணர்வை விரலில் கொடுத்த அதிர்வோடு ஒப்பிடும்படி சோதனையில் பங்கேற்றவர்களிடம் சொன்னார்கள். வினாடிக்குச் சுமார் 50 அதிர்வு என்று கணக்கு வந்தது. வாங்கியதும் ஒரு தோலை முன்பல்லால் கடித்துப் பார்ப்பதே சோதனை. கால் நிமிடத்துக்குள் உதடு துடிக்கவில்லை என்றால் சரக்கு பழசு.

பக்குவம் பண்ணக் கொஞ்சம் பொறுமை வேண்டும். வாசமும் விறுவிறுப்பும் தோலில்தான்; உள்ளே இருக்கும் கறுப்பு விதை மணல் மாதிரி நறநறக்கும். தட்டில் பரப்பி விதைகளையும் காம்புகளையும் பொறுக்கி எறிந்துவிட்டு, தோலை வெறும் வாணலியில் மிகக் குறைந்த தீயில் 3 நிமிடம் வறுத்து, ஆறியபின் பொடித்துச் சலிக்க வேண்டும். ஒரு வாரத்துக்கு மேல் தேவைப்படும் அளவுக்குப் பொடிக்க வேண்டாம்.

செங்டு நகரத்து மாப்போ டோஃபுதான் இதற்கு உரைகல். 300 கிராம் டோஃபுவைச் சதுரமாக வெட்டி உப்புப் போட்ட வெந்நீரில் ஊறவிட வேண்டும், உடையாமல் இருக்கும். 3 மேசைக்கரண்டி எண்ணெயில், மொச்சை போன்ற ஒரு பயறும் மிளகாயும் சேர்த்துப் புளிக்கவைத்த டோபான்ஜியாங் விழுது 2 மேசைக்கரண்டி போட்டு, எண்ணெய் சிவக்கும்வரை சிறுதீயில் வதக்க வேண்டும். கொத்திய இஞ்சி, பூண்டு, விரும்பினால் கைமா அல்லது காளான். ஒரு கப் தண்ணீர் விட்டுக் கொதித்ததும் டோஃபுவை மெல்லச் சரித்துவிட்டு 5 நிமிடம். 2 தேக்கரண்டி சோளமாவைக் கரைத்து இரண்டு தவணையாக ஊற்றினால் குழம்பு டோஃபுவில் ஒட்டிக்கொள்ளும். விழுதிலேயே உப்பு தாராளம், தனியாக வேண்டியிருக்காது. கிண்ணத்தில் மாற்றிய பிறகு, மேலே முக்கால் தேக்கரண்டி சிச்சுவான் மிளகுப்பொடி. குழம்பு கொதிக்கும்போதே போட்டுவிட்டால் மணம் ஆவியோடு போய்விடும். முழு மிளகை எண்ணெயில் போடுவதும் சிச்சுவானில் உண்டு, ஆனால் அதிகம் காயாத எண்ணெயில், சில நொடிகள் மட்டும்.

சுமாக்: நெருப்பே வேண்டாம்

மேற்காசியச் செடி ஒன்றின் செந்நிறக் காய்களை உலர்த்திப் பொடித்தால் சுமாக். நல்ல புளிப்பு, கொஞ்சம் துவர்ப்பு. 2 வெங்காயத்தை மெல்லியதாக நறுக்கி, உப்புப் போட்டுப் பிசறி, 2 தேக்கரண்டி சுமாக்கும் கொத்தமல்லித் தழையும் கலந்து 10 நிமிடம் வைத்தால், துருக்கியில் கபாபோடு தரும் பச்சடி போல ஒன்று கிடைக்கும். தந்தூரி கோழி, மீன் வறுவல், தயிர் சாதம்வரை எதோடும் போகும். பாலஸ்தீனர்களின் முசக்கனில் மட்டும் ஆலிவ் எண்ணெயில் நிதானமாக வதக்கிய வெங்காயத்தோடு இதைச் சேர்த்துச் சூடுகாட்டுவதைப் பார்க்கலாம். கடைச் சுமாக்கில் பெரும்பாலும் உப்புக் கலந்திருக்கும், நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டே உப்பு போடுவது நல்லது. இது முந்திரி, மாங்காய்க் குடும்பம். முந்திரி ஒவ்வாமை உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும்.

நான்கையும் ஒரே நாளில் வாங்கிக் குவிக்க அவசியமில்லை. எதை வாங்கினாலும் 50 கிராமுக்கு மேல் வேண்டாம். பிமென்டோனின் நிறம் வெளிச்சத்தில் வெளுக்கும் என்பதால் தகர டப்பாவிலேயே இருக்கட்டும். சிச்சுவான் மிளகை முழுதாக, காற்றுப் புகாத பாட்டிலில் வைத்தால் ஓராண்டு தாங்கும். அடுப்புக்கு நேர் மேலே இருக்கும் தட்டில் மசாலா வைக்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிட வேண்டும். சூடும் ஆவியும் ஏறும் இடம் அது. அங்கே பொடிகள் ஆறு மாதம்கூடத் தாங்காமல் கட்டிதட்டி மணமிழந்து போகும்.