ஒட்டடை அல்ல, தேன்சிட்டின் வீடு

சென்ற ஆண்டு பள்ளித் தூய்மைப் பணியின்போது, தாழ்வாரத்து ஒட்டடைகளை நீக்கச் சொன்னேன். அவற்றோடு, கம்பியில் தொங்கிய ஒரு குப்பைச் சுருளும் கீழே விழுந்தது. உள்ளே இரண்டு சிறிய முட்டைகள் உடைந்து கிடந்தன. அது ஊதாப்பிட்டுத் தேன்சிட்டின் கூடு. எனக்கே அப்போது அது தெரியாது. ஆறாம் வகுப்பில் இந்தப் பாடம் அங்கிருந்துதான் தொடங்கியது.

தோற்றம்: நீளம் 10 செ.மீ.க்கும் குறைவு. அலகு கீழ்நோக்கி வளைந்திருக்கும். ஆணின் முதுகு அரக்குச் சிவப்பு, தொண்டையும் பிட்டமும் ஊதா, வயிறு மஞ்சள். வெயில் பட்டால் உச்சந்தலை பச்சையாக மின்னும். பெண்ணின் முதுகு மங்கிய பழுப்பு, தொண்டை வெளிர் சாம்பல், மார்பு மஞ்சள். இரண்டும் வெவ்வேறு பறவைகள் என்றே மாணவர்கள் முதலில் எழுதினர்.

வாழிடம்: தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் பரவலாகக் காணலாம். காட்டுக்குப் போக வேண்டியதில்லை. செம்பருத்தி, இட்லிப்பூ, முருங்கை உள்ள பள்ளித் தோட்டமே போதும்.

உணவு: இதை நான் ஓசனிச்சிட்டு என்றே சொல்லிவந்தேன். "டீச்சர், அது பறந்துகிட்டே குடிக்கும்னு சொன்னீங்க. இது உட்கார்ந்துதானே குடிக்குது?" என்றாள் ஒரு மாணவி. அவள் கவனித்தது சரி. ஓசனிச்சிட்டுகள் அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழ்பவை. தேன்சிட்டு பெரும்பாலும் காம்பில் அமர்ந்தே தேன் குடிக்கும். நீண்ட குழல் பூக்களின் அடியில் துளையிட்டும் உறிஞ்சும். குஞ்சுகளுக்குப் பூச்சிகளையும் சிலந்திகளையும் ஊட்டும்.

கூடு: பெரும்பாலும் பெண் பறவையே கட்டும். நார், பட்டைத் துணுக்கு, புழுக்களின் எச்சம் ஆகியவற்றைச் சிலந்தி நூலால் பிணைக்கும். பக்கவாட்டில் வாசல், அதன் மேல் சிறு கூரை. குப்பைபோல் தெரிவதே அதற்குப் பாதுகாப்பு. அந்தப் பாதுகாப்புதான் எங்கள் துடைப்பத்திடம் பலிக்கவில்லை.

இவ்வாண்டு அதே தாழ்வாரத்தில் மீண்டும் ஒரு கூடு. அந்த மூலையில் துடைப்பம் படவில்லை. மாணவர்கள் பத்தடி தள்ளி நின்று, நாள், நேரம், வந்தது ஆணா பெண்ணா, அலகில் இருந்தது என்ன என்று அட்டவணையில் குறித்தனர். யாரும் கூட்டைத் தொடவில்லை. இரண்டு குஞ்சுகளும் பறந்துபோன அன்று வகுப்பில் கைதட்டல் அடங்க வெகுநேரமானது.

ஆசிரியர்களே, அடுத்த தூய்மைப் பணிக்கு முன் தாழ்வாரத்தை ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். தொங்கும் குப்பைக்கு ஒரு வாசல் இருக்கக்கூடும்.