கடையிலும் கையிலும் ஒரே பேரேடு

நம் வியாபாரிகள் பலருக்கு இன்று அலுவலகம் என்பது சட்டைப்பையிலுள்ள கையடக்கத் தொலைபேசிதான். கடை புறக்கோட்டையில், கொள்வனவு துபாயில். விலைப்பட்டியல் முதல் கப்பல் ஆவணங்கள் வரை மின்னஞ்சலில் வருகின்றன. ஆனால், "கடைக் கணினியில் உள்ள மின்னஞ்சல் தொலைபேசியில் இல்லையே!" என்று முறையிடுவோர் அநேகர். பெரும்பாலும் இது தொலைபேசியின் குற்றமல்ல. மின்னஞ்சலை எடுக்கும் முறையே காரணம்.

முறைகள் இரண்டு. ஒன்று பொப். தபாற்கந்தோருக்குச் சென்று கடிதங்களை வீட்டுக்கு எடுத்து வருவது போன்றது இது. சேர்வரில் ஒரு பிரதியை விட்டுவைக்கும்படி அமைத்திராவிட்டால், கடைக் கணினி முதலில் எடுத்துக்கொண்ட பின் தொலைபேசிக்கு எதுவும் மிஞ்சாது.

மற்றது ஐமெப். 1986இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் மார்க் கிரிஸ்பின் என்பவர் உருவாக்கியது. இதில் கடிதங்கள் சேர்வரிலேயே இருக்கும். ஒரே பேரேட்டைக் கடையிலிருந்தும் பார்க்கலாம், வெளியூரிலிருந்தும் பார்க்கலாம். ஓரிடத்தில் வாசித்தது மற்ற இடத்திலும் வாசித்ததாகக் காட்டும். இதுவே ஒத்திசைவு, அதாவது சின்க்.

இதில் பெரிய நன்மை, நீங்கள் அனுப்பிய பதிலும் கடையில் தெரிவதாகும். நீங்கள் ஒரு விலையும் கடையிலுள்ளவர் வேறொரு விலையும் சொன்னால், வாடிக்கையாளர் யார் வாக்கை நம்புவார்?

ஐமெப்புக்கு மாறுமுன் கவனிக்க வேண்டியவை:

1. கடைக் கணினியிலுள்ள பழைய மின்னஞ்சல்களைப் பிரதி எடுத்து வையுங்கள். பொப் முறையில் இறக்கியவை தாமாகத் தொலைபேசிக்கு வரமாட்டா. அவுட்லுக், தண்டர்பேர்ட் போன்றவற்றில் அவற்றை ஐமெப் கோப்புறைக்கு நகர்த்தினால் சேர்வருக்கு ஏறிவிடும்.

2. தொலைபேசியில் அழித்தால் எல்லா இடத்திலும் அழியும். ஜீமெயிலில் அழித்தவை 30 நாட்கள் குப்பைக் கூடையில் கிடந்து, பின்னர் நிரந்தரமாக நீங்கும். கண்ணில் படாமல் வைக்க விரும்பினால் அழிக்காமல் 'ஆர்க்கைவ்' செய்யுங்கள்.

3. ஓடர், கொடுப்பனவு, கப்பல் ஆவணம் என மூன்று நான்கு கோப்புறைகள் போதும். ஐம்பது வைத்தால் எதிலே போட்டோம் என்று தேடுவதே வேலையாகிவிடும். ஜீமெயிலில் இவற்றுக்கு 'லேபல்' என்று பெயர்.

4. தொலைபேசி பொதுவாக அண்மைய நாட்களின் மின்னஞ்சல்களையே தன்னிடம் வைத்திருக்கும். பழையதைப் பார்க்க இணையம் வேண்டும். எனவே துறைமுகத்தில் காட்ட வேண்டிய ஆவணத்தைப் புறப்படுமுன் இறக்கிக்கொள்ளுங்கள்.

5. தொலைபேசிக்குப் பூட்டு இடுங்கள். அது தொலைந்தால் உடனே வேறொரு கணினியிலிருந்து கடவுச்சொல்லை மாற்றுங்கள். கடிதங்கள் சேர்வரில் பத்திரமாக இருக்கும்.

இது வெறும் வசதிக்கான விடயமல்ல. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் நம் நாட்டில் மின்னஞ்சல் போன்ற பதிவுகளுக்குச் சட்ட அங்கீகாரம் வழங்குகிறது. தவணைக் கடனை எழுதி வைக்குமாறு அல்குர்ஆனின் மிக நீண்ட வசனமான அல்பகரா 282 நமக்குக் கட்டளையிடுகிறது. அன்று தோலிலும் எலும்பிலும் எழுதினார்கள். இன்று நம் வாக்குறுதிகள் மின்னஞ்சலில் இருக்கின்றன. அவற்றைத் தொலையாமல் காப்பதும் அமானிதமே.

இன்றிரவு கடை பூட்டுமுன், உங்கள் மின்னஞ்சல் பொப்பில் உள்ளதா ஐமெப்பில் உள்ளதா என்று பாருங்கள். அல்லாஹ் நம் வியாபாரத்தில் பரக்கத் செய்வானாக.