பழைய தையல் இயந்திரத்தை இரும்பு விலைக்கு விற்காதீர்கள்

இடம்பெயர்ந்தபோது விட்டுச்சென்ற அல்லது புதைத்துவைத்த தையல் இயந்திரம் துருப்பிடித்துக் கிடக்கிறதா? பழைய இரும்பு வாங்குவோரிடம் கொடுக்கும் முன் பரிசோதித்துப் பாருங்கள். சிங்கர் போன்ற பழைய கால்மிதி இயந்திரங்களின் உடல் வார்ப்பிரும்பால் ஆனது, உள்ளுறுப்புகள் உருக்கு. மின்சாரம் தேவையில்லை. மேலோட்டமான துரு என்றால் பெரும்பாலும் மீண்டும் இயங்கும்.

கவனிக்க வேண்டியவை:

1. காணியில் கண்ணிவெடி அகற்றப்பட்டது உறுதியாகும்வரை எதையும் தோண்ட வேண்டாம்.

2. அசையும் பகுதிகளில் மண்ணெண்ணெய் விட்டு ஒருநாள் ஊறவிடுங்கள். அருகில் நெருப்பு வேண்டாம்.

3. கைச்சில்லை முன்னும் பின்னும் மெல்ல அசையுங்கள். இறுகியிருந்தால் பலவந்தம் செய்யாமல் மீண்டும் ஊறவிடுங்கள்.

4. நன்றாகத் துடைத்து, தையல் இயந்திர எண்ணெய் விடுங்கள். தேங்காய் எண்ணெய் விட்டால் நாளடைவில் பிசின்போல் இறுகிவிடும்.

5. ஊசியையும் தோல் பட்டியையும் புதிதாக மாற்றுங்கள்.

உடல் வெடித்திருந்தால் அல்லது தீயில் எரிந்திருந்தால் திருத்துவது கடினம். அப்போதும் நல்ல உதிரிப்பாகங்களைக் கழற்றி வைத்திருங்கள். இன்னொரு இயந்திரத்துக்கு உதவும்.

இந்த இயந்திரங்களில் பெரும்பாலானவை நேர்த்தையல் மட்டுமே போடும். பாடசாலைச் சீருடை தைக்கவும் அயலவரின் உடுப்புத் திருத்திச் சிறு வருமானம் பெறவும் அது போதும்.