பழைய கோடை மாற்றப் போகிறவர்களுக்கு

1. மாற்றித் தரும் கருவியை இறக்குவதற்கு முன்னால் பழைய புரோகிராமை ஓட்டி, இன்புட், அவுட்புட் இரண்டையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண நாள் மட்டும் போதாது. மாதக் கடைசி, பிப்ரவரி 29, மைனஸ் தொகை, காலி ஃபைல் எல்லாம் வேண்டும். பழைய மெஷினை நிறுத்திய பிறகு இவற்றை எங்கே போய்க் கேட்பீர்கள்?

2. கம்பைல் ஆகிவிட்டதே என்று மகிழாதீர்கள். பைத்தான் 2-இல் 5/2 என்றால் 2. பைத்தான் 3-இல் 2.5. '2டு3' கருவி பிரிண்ட் வரிகளுக்கு ஒழுங்காக அடைப்புக்குறி போட்டுத் தரும், வகுத்தலை அப்படியே விட்டுவிடும். வகுபடுவது முழு எண்ணா இல்லையா என்பது அதற்கு எப்படித் தெரியும்? எரர் வராது, கணக்குதான் மாறும்.

3. கோபோலிலிருந்து ஜாவாவுக்குப் போகிறவர்கள் பணம் இருக்கும் ஃபீல்டுகளை முதலில் பாருங்கள். கோபோல் பைசாவைத் தசமமாகவே வைத்திருக்கும். அதை ஜாவாவின் 'டபுள்' ஆக்கினால் 0.1-உம் 0.2-உம் சேர்ந்து 0.30000000000000004 ஆகும். 'பிக்டெசிமல்' போட்டாலும் வேலை முடியவில்லை. 'ரவுண்டட்' என்று எழுதாத இடத்தில் கோபோல் மிச்சத்தை வெட்டிவிடும்: வட்டி 12.347 வந்தால் 12.34. புதியதில் யாரோ நல்லெண்ணத்தில் ரவுண்டிங் வைத்தால் 12.35. ஒரு பைசாதானே என்பவரை லட்சம் கணக்குகளுக்கு முன்னால் உட்கார வைக்க வேண்டும்.

4. ஐபிஎம் மெயின்ஃபிரேமின் எப்சிடிக் வரிசையில் எழுத்து முன்னால், எண் பின்னால். ஆஸ்கியில் நேர்மாறு. சார்ட் செய்த இரண்டு ஃபைல்களை ஒப்பிடும் புரோகிராம் இருந்தால் அங்கே கை வையுங்கள்.

5. கருவி துப்பியதைத் திருத்த உட்காராதீர்கள். பெல் லேப்ஸில் பிறந்த 'எஃப்2சி' ஃபோர்ட்ரான் 77-ஐ சி-யாக்கும். லாபேக் நூலகத்தின் சி வடிவமே அப்படி வந்ததுதான். அது தந்த ஃபங்ஷன்களைத் திறந்தால், தொடக்கத்திலேயே அரே பாயிண்டரை ஓர் இடம் பின்னுக்குத் தள்ளியிருக்கும். தப்பு இல்லை. ஃபோர்ட்ரான் அரே 1-இல் தொடங்கும், சி 0-இல். அதற்குத்தான் இந்த ஏற்பாடு. அதைப் பிழை என்று நினைத்து 'சரி' செய்தால் எல்லா மதிப்புகளும் ஓரிடம் நகர்ந்துவிடும். ஃபோர்ட்ரானை மூலமாக வைத்து ஒவ்வொரு முறையும் புதிதாக மாற்றுங்கள். இல்லையென்றால் அதற்குக் கும்பிடு போட்டுவிட்டு சி-யில் கையாலேயே எழுதுங்கள். இரண்டையும் சேர்த்துச் செய்தால் எது அசல் என்று யாருக்கும் தெரியாது.

6. சி-யை ரஸ்ட் ஆக்கும் 'சி2ரஸ்ட்' தருவது பெரும்பாலும் 'அன்சேஃப்' ரஸ்ட். பாதுகாப்பு வந்துவிட்டது என்று மேனேஜரிடம் சொல்லிவிடாதீர்கள்.

7. இப்போது ஏஐ-யிடம் கொடுத்தால் படிக்க அழகான கோடு கிடைக்கிறது. எனக்கு அந்த அழகில்தான் சந்தேகம். கோணலான பழைய வரியைக் கேட்காமலே நேராக்கிவிடும். அந்தக் கோணலை நம்பி வேறு நாலு ரிப்போர்ட் ஓடிக்கொண்டிருக்கும். பழைய பிழை கண்ணில் பட்டால், முதலில் பிழையோடு சேர்த்தே மாற்றுங்கள். அவுட்புட் டேலி ஆகட்டும். திருத்தத்தைத் தனி வேலையாக, தனித் தேதியில் போடுங்கள்.