துணிக்கும் தடிமன் உண்டு

கணினியில் முப்பரிமாண உருவத்துக்கு உடை அமைக்கும் மாணவர்கள் முதலில் உருவாக்குவது வெறும் பரப்பு. அதற்கு நீளமும் அகலமும் உண்டு, தடிமன் இல்லை. ஆகவே சட்டையின் கழுத்தும் கைவிளிம்பும் காகிதத்தை வெட்டி ஒட்டியதுபோல் தெரியும். தளத்துக்கும் திண்மத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கற்பிக்க இது நல்ல இடம்.

திண்டுக்கல் பகுதியில் பணியாற்றும் நமக்குப் பக்கத்திலேயே சுங்குடிச் சேலைக்குப் பெயர்பெற்ற சின்னாளபட்டி இருக்கிறது. நெசவுக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குத் துணியைப் பற்றி என்னைவிட அதிகம் தெரியும். பாடத்தை அங்கிருந்தே தொடங்கினேன்.

செயல்பாடு 1: அளத்தல்

பருத்தித் துணியை நான்கு முறை பாதியாக மடித்தால் 16 அடுக்கு. இலேசாக அழுத்தி அளவுகோலால் அளக்கச் சொல்லுங்கள். 4 மி.மீ. வந்தால் ஓர் அடுக்கு 0.25 மி.மீ. திருகு அளவி இருந்தால் 0.01 மி.மீ. வரை சரிபார்க்கலாம். "நம்பர் கூடினால் நூல் மெலியும் சார்" என்றாள், வகுப்பில் அதிகம் பேசாத ஒரு மாணவி. ஒரு பவுண்டு நூலில் 840 கெஜச் சிட்டங்கள் எத்தனை என்பதே அந்த நம்பர். எதிர்விகிதத்துக்கு வேறு எடுத்துக்காட்டு தேடத் தேவைப்படவில்லை.

செயல்பாடு 2: தடிமன் கொடுத்தல்

பிளெண்டர் 2002 முதல் கட்டற்ற மென்பொருள், கட்டணம் இல்லை. உடையைத் தேர்ந்தெடுத்து 'சாலிடிஃபை' மாடிஃபையரைச் சேர்க்கவும். அது பரப்பின் நகல் ஒன்றைத் தள்ளி வைத்து, இரண்டையும் விளிம்பில் மூடும். மூன்று குறிப்புகள்:

1. முதலில் கன்ட்ரோல்-ஏ அழுத்தி உருவத்தின் ஸ்கேலை 1 ஆக்கவும். இல்லையெனில் தடிமனும் அதே மடங்கில் மாறிவிடும்.

2. 'ஆஃப்செட்' -1 எனில் தடிமன் உள்நோக்கி வளர்ந்து உடலுக்குள் புகும். உடைக்கு +1 கொடுக்கவும்.

3. துணி அசைவுக் கணிப்பு முதலில், தடிமன் அதன் பின்னர். வரிசை மாறினால் இரட்டைப் பரப்பையும் கணக்கிட வேண்டியிருப்பதால் கணினி திணறும்.

சட்டையின் அடிவிளிம்பு இருமுறை மடித்துத் தைக்கப்படுவது. அங்கே மூன்று அடுக்கு, எனவே 0.75 மி.மீ. இந்த வேறுபாடுதான் உடையை உண்மையாகக் காட்டும்.

செயல்பாடு 3: சரிபார்த்தல்

மென்பொருள் தானாகத் தரும் தடிமன் 0.01 மீட்டர், அதாவது 1 செ.மீ. 5.5 மீ. நீளம், 1.2 மீ. அகலமுள்ள சேலைக்கு அதன்படி கன அளவு 66 லிட்டர். 0.25 மி.மீ. எனில் 1.65 லிட்டர். எது அலமாரியில் மடித்து வைக்கக்கூடிய சேலை என்று கேளுங்கள். திரை காட்டும் எண்ணை அப்படியே ஏற்காமல், கையால் தொட்டறிந்ததோடு ஒப்பிடும் பழக்கம் அங்கே தொடங்கும்.

மதிப்பீடு: வீட்டிலிருந்து துண்டு, போர்வை, சேலை மூன்றையும் அளந்துவந்து, ஒவ்வொன்றுக்கும் உரிய தடிமனைத் திரையில் கொடுக்கச் செய்க.